கரண்ட் போனாலும் வேலை நடக்க: மினி யூபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா?

டொரொன்டோ, லண்டன், சென்னை என்று எங்கிருந்தோ வேலையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருப்பவர்கள், முதல் மின்வெட்டு முடிந்த கையோடு வாங்குவது 650 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ், அதாவது கரண்ட் போனதும் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி. இணையத்தை ஓட்டுவதற்கு அது பொருத்தமான சாமான் அல்ல. பைபர் இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சுவர் வரை வரும் பைபர் பாதையில் பொதுவாகக் கரண்டில் ஓடும் கருவி எதுவும் இருப்பதில்லை. நடுவில் இருப்பது ஒளியைக் கிளைகளாகப் பிரிக்கும் ஒரு சிறு துண்டு மட்டும். எக்ஸ்சேஞ்சுக்கு அதன் சொந்த பற்றரியும் ஜெனரேட்டரும் உண்டு. ஆகவே தெருவே இருண்டாலும் பைபர் வந்து சேரும் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு 10 வாட் கிடைத்தால் இணையம் நிற்காது. 4ஜி ரவுட்டரின் கதை வேறு. கோபுரத்தின் பற்றரி இறங்கினால் சிக்னல் போய்விடும். அதற்கு முன்பே, வைஃபை இழந்த அயலவர்கள் எல்லோரும் அதே கோபுரத்தில் ஏறுவதால் வேகம் விழுந்துவிடும். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த செய்மதி இணையமான ஸ்டார்லிங்கின் வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் வரை கேட்கும், திறந்த வானமும் வேண்டும். தொடர்மாடி பல்கனியில் அது பெரும்பாலும் சரிவராது.

எத்தனை மணி நேரத்துக்குத் தயாராவது? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலைய இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி வெட்டு நடந்தது. இன்றைக்கு 3 மணி நேரத்தைக் கணக்கில் வைத்தால் பெரும்பாலான நாட்களைச் சமாளிக்கலாம்.

அதற்கு மினி யூபிஎஸ் போதும். கையடக்கப் பெட்டி, உள்ளே லித்தியம் செல்கள், வெளியே 12 வோல்ட் டிசி. மேலே 8800 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது 3.7 வோல்ட்டில் சொல்லும் கணக்கு. பெருக்கினால் 32 வாட்-மணி, இழப்பு போக 27 அல்லது 28. பைபர் பெட்டி 9 வாட் எடுத்தால் 3 மணி நேரம்.

வாங்கப் போகுமுன் பைபர் பெட்டியின் அடாப்டரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். 'இன்புட்' வரியை விடுங்கள், 'அவுட்புட்' வரிதான் தேவை. 12 வோல்ட் 1 அம்பியர், அல்லது 1.5 அம்பியர் என்றிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வளையமும் வரைந்திருப்பார்கள். புள்ளியோடு கூட்டல் குறி சேர்ந்திருந்தால் நடு முனை பொசிட்டிவ். யூபிஎஸ்ஸிலும் அதே படம் இருக்க வேண்டும். பிளக்கின் வெளி விட்டம் பொதுவாக 5.5 மில்லிமீற்றர், உள் துளை 2.1 அல்லது 2.5. 2.1 ஊசியில் 2.5 துளைப் பிளக்கை மாட்டினால் இறுகாது, மேசை ஆடினாலே பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். தனி ரவுட்டரும் இருந்தால் அதன் வோல்ட்டையும் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் வயரைச் செருகினால் அது எரிந்துபோகலாம்.

650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் ஈய-அமில பற்றரி. 84 வாட்-மணி என்பதால் மினியைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் திரும்ப 12 ஆக்குவதற்குள் பைபர் பெட்டி எடுப்பதைவிட அதிகம் வீணாகலாம். சில மொடல்கள் சுமை போதாது என்று தானே அணைந்துவிடும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வகை பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, கொழும்பு அறையில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தாலே நல்லது. டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு அதை அணைக்கப் பத்து நிமிடம் கிடைக்கும், அவர்கள் வாங்கட்டும்.

காற்றாடியும் வேண்டுமென்றால், பெரிய பற்றரியின் கரண்டை 230 வோல்ட்டாக்கித் தரும் இன்வெர்ட்டர்தான். ஸ்டாண்ட் ஃபேன் இரண்டு, லேப்டாப், பைபர் பெட்டி, எல்ஈடி பல்ப் இரண்டு: மொத்தம் 200 வாட் அளவில் வரும். 150 ஏஎச் டியூபியூலர் பற்றரியில், அதாவது பெரிய ஈய-அமில வகையில், 1800 வாட்-மணி உண்டு, ஆயுள் கெடாமல் பாதியை எடுத்தால் இன்வெர்ட்டர் இழப்பு போக மூன்றே முக்கால் மணி நேரம். 100 ஏஎச் லித்தியம் பற்றரி, அதாவது 12.8 வோல்ட் இரும்பு பொஸ்பேற் வகை, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் தரும். டியூபியூலர் 50 கிலோவைத் தாண்டும், டிஸ்டில்ட் வாட்டர் கேட்கும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், மூடிய அறையில் வைக்கக் கூடாது. லித்தியம் 12 கிலோ அளவுதான். விலை கூடினாலும் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு எங்கள் தெரிவு லித்தியம். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈய-அமில முறையில் வோல்ட்டை ஏற்றும், பற்றரியின் பாதுகாப்புச் சர்க்கியூட் துண்டித்துவிடும். வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலை தரும் 'பியூர் சைன் வேவ்' வகை மட்டும் வாங்குங்கள், சதுர அலையில் ஃபேன் உறுமிச் சூடாகும். கடலோர மரைன் டிரைவ் பக்கம் உப்புக் காற்றில் பற்றரி முனைகள் பச்சை பூக்கும், வாசலின் பூசி வையுங்கள்.

வாடகை வீட்டின் வயரிங்கில் கை வைக்க வேண்டாம். இன்வெர்ட்டரிலிருந்தே நல்ல எக்ஸ்டென்ஷன் இழுத்து வேண்டியதை மாட்டுங்கள். லைனைத் தனியாக எடுத்து நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு கலந்துவிட்டால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாமல் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு குதிரைவலு தண்ணீர் மோட்டாரையும் இதில் மாட்டாதீர்கள், தொடங்கும் கணத்தில் அது பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

பெற்றோல் ஜெனரேட்டர் தனி வீட்டுக்கு, அதுவும் வெளி முற்றத்தில். பல்கனியில் ஓட்டினால் கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் உள்ளே வந்து உயிரெடுக்கும். இரு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் சொக்கெட்டுக்குள் கரண்ட் விடுவது தெருக் கம்பியில் வேலை செய்பவரைக் கொல்லும். தெருக் கரண்டையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கோடு இணைக்கவே கூடாது.

'ஜெனரேட்டர் உண்டு' என்று தொடர்மாடிக்காரர் சொன்னால், வீட்டுக்குள் வருமா, லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமா என்று கேளுங்கள். வீட்டுக்குள் வந்தாலும் மாறுவதற்குள் சில விநாடிகள் போகும். அதற்குள் பைபர் பெட்டி அணைந்து, திரும்ப எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடமாகும். அங்கேயும் மினி யூபிஎஸ் ஒன்று மாட்டித்தான் ஆக வேண்டும்.