மனச்சோர்வு மாத்திரை: காலையிலா, இரவிலா?

மிர்டாசபைன் போன்ற தூக்கம் வரவழைக்கும் மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுவது ஆபத்து என்பதால், அதற்கு இரவே பொருத்தம். ஃப்ளுவாக்ஸெட்டின் பலருக்குத் தூக்கத்தைக் கலைப்பதால் காலை வேளையே நல்லது. இட்லி சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டலும் குறையும். செர்ட்ராலின்தான் சிக்கலானது: ஒருவருக்கு அசதி, இன்னொருவருக்கு விழிப்பு.

அம்மாப்பேட்டையில் இரவு ஷிப்டில் விசைத்தறி ஓட்டுபவருக்கோ இந்தக் கணக்கே தலைகீழ். அவர் தாம் உறங்கும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லியே மாத்திரைக்கான வேளையைக் கேட்க வேண்டும். அசதி பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் அளவையோ மருந்தையோ மருத்துவர் மாற்றுவார். அதுவரை மாலைக் காபியால் அதை விரட்டப் பார்ப்பது, ஏற்காட்டுக் காபியே ஆனாலும், இரவுத் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.