நான்கு தந்தியும் ஒரு டிஐ பெட்டியும்: செட்டிநாட்டு மேடைகளில் என் பாஸ் கிட்டார்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கல்யாண வீடுகளிலும் கோவில் திருவிழா மேடைகளிலும் மெல்லிசைக் குழு ஒன்றில் பாஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். பகலில் கணக்கு எழுதும் உத்தியோகம். முகூர்த்த நாள் மாலைகளும் திருவிழா இரவுகளும் பாஸுக்கு. புதிதாகப் பாஸ் வாங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி அண்ணா வாங்கலாம்?" என்பதைத்தான். எங்கே வாசிக்கப் போகிறாய், யாருடைய ஒலிபெருக்கியில் வாசிக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஸ்டுடியோவுக்குப் பொருந்துவது பள்ளத்தூர்க் கல்யாண வீட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. பல கருவிகள் என் கைக்கு வந்து போய்விட்டன. நிலைத்தவை மூன்று: பேட்டரி இல்லாத நான்கு தந்தி பிரிசிஷன் பாணி பாஸ், தட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகள், பாஸை நேராக மிக்ஸரோடு இணைக்கும் ஒரு டிஐ பெட்டி.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸின் வடிவம்தான் இன்றைக்கும் பல கம்பெனிகளுக்கு அடிப்படை. 34 அங்குலத் தந்தி நீளம் அப்போது வந்தது, இன்றும் அதுவே பொது அளவு. எனக்கு அதைவிட முக்கியமானது 1957இல் செய்த மாற்றம். தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்பை இரு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு இரண்டு தந்தி என்று ஒதுக்கி, இரண்டின் கம்பிச் சுருளையும் எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் எதிராக வைத்தார்கள். வெளியிலிருந்து நுழையும் மின் இரைச்சல் இரண்டு துண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். திருவிழா மேடையைக் கண்ணால் பார்த்தவருக்கு இதன் அருமை புரியும். பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், பக்கத்தில் வண்ண விளக்குகளின் டிம்மர் என்று இரைச்சலுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கூடியிருக்கும். 1960இல் வந்த ஜாஸ் பாஸில் இரண்டு தனிப் பிக்கப்புகள். இரண்டையும் சம அளவில் வைத்தால் அதுவும் அமைதியாக இருக்கும். ஒன்றைக் குறைத்த உடனே "ம்ம்ம்" என்று உறுமத் தொடங்கும். அதன் குரல் அழகு, ஸ்டுடியோவுக்கு அதைத்தான் எடுத்துப் போவேன். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாக் காலம் வந்தால் பிரிசிஷன்தான்.

பேட்டரி போடும் ஆக்டிவ் பாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 9 வோல்ட் பேட்டரி நள்ளிரவில் தீர்ந்தால் அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடை இல்லை.

ஐந்து தந்தி பாஸ் வேண்டுமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இங்கே பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள்: ஒரு கட்டை என்றால் மேற்கத்திய C, இரண்டு D, மூன்று E என்று ஏறும். பாஸின் தந்திகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை, விரலால் அழுத்தாமல் திறந்து மீட்டினால் மூன்று கட்டை, ஆறு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையில் எப்போதும் சட்ஜத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள தூரம். அதனால் ஒரு சுருதியில் பழகிய விரலமைப்பு எல்லாச் சுருதிக்கும் செல்லும். பனிக்காலத்தில் தொண்டை கட்டிய பாடகி, பல்லவிக்கு முன் காதோரம் வந்து "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டால், கையை ஒரு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பின்னால் நகர்த்தினால் போதும். ஆனால் திறந்த தந்திகளை நம்பிப் பாடம் செய்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வோம். மூன்று கட்டைப் பாட்டு இரண்டரைக்கு இறங்கினால் அடித்தந்தியில் அந்தச் சட்ஜம் கிடையாது. இதற்காகவே திறந்த தந்தியைத் தொடாமல் ஒவ்வொரு பாட்டையும் பயிற்சி செய்கிறேன்.

இந்த இடத்தில் ஐந்தாவது தந்தி கைகொடுக்குமே என்று தோன்றும். காகிதத்தில் அது உண்மை. மேடையில் ஐந்தாவது தந்தியின் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 31. நான்கு தந்தி பாஸின் அடித்தந்திக்கு 41. நம் ஊர் மைக்செட்டில் வரும் பெட்டிகளுக்கு அந்த 41ஐயே முழுதாகச் சொல்லத் தெம்பில்லை. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் அதிர்வுகளான 82, 123 ஆகியவற்றை. மிச்சத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. 31 அங்கே வெறும் காற்றாகப் போய், பெருக்கியின் சக்தியைத்தான் தின்னும். பெரிய சப்வூஃபர்களோடு வாசிக்கும் குழுவில் இருந்தால் ஐந்து தந்தி வாங்குங்கள். என்னிடம் இருந்த ஐந்து தந்தியைச் சென்னையில் ஸ்டுடியோ வேலை செய்யும் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் கையில் அது நன்றாகப் பேசுகிறது.

செட்டிநாட்டு வீடு என்பது பாஸ் வாசிப்பவருக்குத் தனிப் பாடம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த கண்ணாடிச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, பர்மா தேக்குத் தூண்கள். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. வானம் பார்த்த முற்றமான வளவில் வாசித்தால் அடி ஓசை மேலே ஏறிப் போய்விடும். மூடிய ஹாலில் அதே வாசிப்பு குமுறும். கண்டனூரில் ஒரு மணிவிழாவுக்கு ஹாலில் வாசித்துக்கொண்டிருந்தோம். இடைவேளையில் வீட்டு ஆச்சி நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீங்கள் ஏதோ ஒரு சத்தம் எழுப்பும்போது மட்டும் உள்ளே மங்குத் தட்டெல்லாம் நடுங்குகிறது. மற்ற நேரம் ஒன்றுமில்லை. அது என்னவென்று பாருங்கள்" என்றார். எவ்வளவு கூர்மையான காது! கூடப் போய்ப் பார்த்தேன். மர அலமாரியில் அந்தக் காலத்து எனாமல் தட்டுகளை விளிம்பில் நிறுத்தி வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். குழுத் தம்பி ஒருவரை ஒவ்வொரு தந்தியாக மீட்டச் சொன்னேன். திறந்த ஆறு கட்டைத் தந்தியில் மட்டும் முழு வரிசையும் கிணுகிணுத்தது.

காரணம் எளிது. அந்தச் சுரம் வினாடிக்கு 55 அதிர்வு, அதன் அலை நீளம் ஆறு மீட்டருக்குச் சற்று மேல். அறையின் ஒரு பக்க நீளம் அதற்கோ அதன் பாதிக்கோ ஒத்துவந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் அறைக்குள் குவிந்துகொள்ளும். ஒலிபெருக்கியை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தச் சொன்னேன். இரண்டாம் பாதியில் அந்தச் சுரத்தை மேல் ஸ்தாயியில், 110 அதிர்வில் வாசித்தேன். தட்டுகள் அடங்கின, பாட்டும் தெளிவாகக் கேட்டது. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக அடித்தந்தியில் தொடங்கி ஃப்ரெட் ஃப்ரெட்டாக ஏறி, எந்தச் சுரம் துருத்துகிறது என்று குறித்துக்கொள்கிறேன்.

அடுத்தது டிஐ பெட்டி. உள்ளங்கையில் அடங்கும் இந்த இரும்புப் பெட்டிதான் நான் வாங்கியவற்றில் மிகச் சிறந்தது. பாஸிலிருந்து வருவது மெலிந்த சமிக்ஞை. அதை நீளமான கிட்டார் கேபிளிலேயே மிக்ஸர் வரை இழுத்துப் போனால் மேல் ஓசை மங்கி, வழியில் இருக்கும் இரைச்சலெல்லாம் ஏறிக்கொள்ளும். டிஐ அதை மைக் கேபிளில் போகும்படி மாற்றித் தரும். நூறு அடி தூரம் போனாலும் கெடாது. ஆக்டிவ் வகைக்குப் பேட்டரியோ, மிக்ஸரிலிருந்து 48 வோல்ட்டோ வேண்டும். பேஸிவ் வகைக்கு எதுவும் வேண்டாம், உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். நம் பக்கத்து மிக்ஸர்களில் அந்த 48 வோல்ட் கிடைக்கும் என்று உறுதியில்லாததால் பேஸிவ் வைத்திருக்கிறேன். என்னுடையதைப் போல் பேட்டரி இல்லாத பேஸிவ் பாஸோடு சேர்த்தால் உச்ச ஓசையைச் சற்றுக் குறைக்கும்தான். ஃப்ளாட்வவுண்ட் போட்டவனுக்கு அது நட்டமில்லை.

அந்தப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஜெனரேட்டர் இரைச்சல் வரும்போது அதைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் ஒலிக் கேபிளின் வழியாகச் சுற்றும் எர்த் வளையத்தை அது துண்டிக்கிறது. சில மேடைகளில் இரைச்சலைப் போக்க, மூன்று முனை பிளக்கின் எர்த் முனையையே வெட்டிவிடுகிறார்கள். இதை நான் எங்கே பார்த்தாலும் வாசிக்க மறுத்துவிடுகிறேன். பாஸின் தந்திகள் நேராக எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயரில் மின் கசிவு இருந்து எர்த்தும் இல்லையென்றால் அது தந்தியைப் பிடித்திருக்கும் விரல் வழியாகத்தான் இறங்கும். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில், கால் ஈரத் தரையில் என்று நிற்பவர்கள் நாம். பணத்துக்கோ முகத்தாட்சண்யத்துக்கோ இதில் இடமே கொடுக்காதீர்கள்.

தந்தி விஷயத்துக்கு வருவோம். புது ரவுண்ட்வவுண்ட் தந்தி பளிச்சென்று ஒலிக்கும், கேட்க ஆசையாக இருக்கும். சித்திரை வெயிலில் பந்தலுக்குக் கீழே வாசித்தால் வியர்வை அதன் வரிகளுக்குள் இறங்கி, சில கச்சேரிகளிலேயே மங்கிவிடும். அவசரத்துக்கு இங்கே பாஸ் தந்தி கிடைப்பது அரிது. மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ஃப்ளாட்வவுண்ட் தட்டையான நாடா சுற்றியது, வழுவழுவென்று இருக்கும், அழுக்கு தங்க இடமில்லை. விலை அதிகம், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அமெரிக்காவின் மோடவுன் இசைக் கம்பெனிப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்ட் தந்திகளை மாற்றாமலேயே வாசித்தவர் என்பது பாஸ்காரர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. தபேலாவும் ரிதம் பேடும் சேர்ந்து ஒலிக்கும் நம் மெல்லிசைக்கு அந்த உருண்டையான ஓசை எவ்வளவு இதமாக ஒட்டுகிறது என்பதை வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மரக் கழுத்தும் பருவத்துக்குப் பருவம் அசையும். என் பாஸில் ஐப்பசி மழைக்குத் தந்தி உயர்கிறது, பங்குனி வெயிலுக்குத் தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசுகிறது. சரிபார்ப்பது எளிது: அடித்தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு தட்டுத்தடையின்றி நுழைந்தால் சரி. கூடுதலாக இருந்தால், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் வலப்புறம் கால் சுற்று. குறைவாக இருந்தால் இடப்புறம். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்ப வேண்டாம், மரத்துக்கு அவகாசம் கொடுங்கள்.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் வீட்டார் முதலில் கைவைப்பது பாஸில்தான். கீபோர்டுகாரரின் இடக்கை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். 1976இல் திரையிசைக்கு வந்த இளையராஜா, பாஸுக்கென்று தனியாக நடக்கும் வரிகளை எழுதி, அதைக் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்கிறார். அந்தப் பாடல்களைப் பாஸ் இல்லாமல் வாசிக்கும்போது முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஏதோ குறைவது தெரிகிறது. வீணைக்குப் பெயர் பெற்ற சகோதரர்களின் ஊர் காரைக்குடி. இங்குள்ள காதுகளைக் குறைத்து எடைபோடக் கூடாது. இப்போது குழுவின் மாதிரிப் பதிவை அனுப்பும்போது, ஒரே பாட்டைப் பாஸோடும் பாஸ் இல்லாமலும் அனுப்புகிறோம். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

சின்னப் பொருட்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நான்கு கிலோ எடையை மணிக்கணக்கில் தாங்க மூன்று அங்குல அகலத் தோல் பட்டை. தவிலுக்குப் பக்கத்தில் உட்கார நேரும் நாட்களுக்குக் காதடைப்பான். இரண்டையும் பாஸ் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் பராமரிப்பு வேலையெல்லாம் அப்போதுதான். பட்டை மாட்டும் திருகுகளை இறுக்க வேண்டும், வால்யூம் திருகிக்குள் கிளீனர் அடிக்க வேண்டும். கேபிள் செருகும் சாக்கெட் சற்றே ஆடுகிறது. இந்த முறை அதைப் புதிதாகவே மாற்றிவிடப் போகிறேன்.