அமாங் அஸ்: எல்லாம் சரி, சத்தியம் மட்டும் கேட்காதீங்க

"எங்க ஆபீஸ் செட்டுக்கு அமாங் அஸ் சரிப்பட்டு வருமாண்ணே?" என்று சித்தி மகன் கேட்டிருக்கிறான். மொபைலில் இலவசம், எப்படி ஆடுவது என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வரி: கப்பலில் வேலை செய்யும் கூட்டத்துக்குள் இம்போஸ்டர் என்ற வேஷக்காரர் ஒளிந்திருந்து மற்றவர்களைக் கொல்வார், மற்றவர்கள் கூடிப் பேசி ஓட்டுப் போட்டு அவரை வெளியே தள்ள வேண்டும். எங்கள் பள்ளிக்கூட செட் 2020 ஊரடங்கில் இதைப் பிடித்தது, இன்னும் விடவில்லை. பாதிப் பேர் மதுரையில், ஒருவன் மேலூரில், இரண்டு பேர் சென்னையில், ஒருவன் ஷார்ஜாவில். இங்கே ராத்திரி ஒன்பதரை ஆகும்போது ஷார்ஜாக்காரனுக்கு எட்டு மணி, அதனால் எல்லோருக்கும் தோதான நேரம் அதுதான்.

இவ்வளவு நாள் ஆடியதில் கேமின் மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. என் குறையெல்லாம் ஒன்றே ஒன்றின் மேல்தான்: சத்தியம்.

ஒரு நாள் ஸ்கெல்ட் என்ற கப்பல் மேப்பில் ஆடிக்கொண்டிருந்தோம். எலக்ட்ரிக்கல் என்ற அறையில் பாடி, அதாவது கொல்லப்பட்டவர் உடல், கிடந்தது. மேலூர்க்காரன் மேல் சந்தேகம் வந்தது. "நான் அட்மின்ல கார்டு தேய்ச்சிட்டு இருந்தேன், ஸ்டோரேஜ் பக்கமே வரல" என்றான். குரலில் நடுக்கமே இல்லை. இரண்டு பேர் நம்பியும் விட்டார்கள். அப்போது செல்லூர்க்காரன் உள்ளே புகுந்தான்: "பதினெட்டாம்படியான் மேல சத்தியமா நீ இம்போஸ்டர் இல்லைன்னு சொல்லு மாப்ள." குரூப் காலில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் மேலூர்க்காரன், "வெளையாட்டுல சாமியை இழுக்காதீங்கடா" என்றான். அவ்வளவுதான், எல்லா ஓட்டும் அவன் மேல் விழுந்தது. அவன் இம்போஸ்டர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரிய வேண்டும். அழகர்கோயில் ராஜகோபுர வாசலில் இருக்கும் பதினெட்டாம்படி கருப்பண்ணசாமிக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுகள்தான் சாமி. திருட்டு, நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல் என்று பேசித் தீராத வழக்கையெல்லாம் சுற்று வட்டாரத்து ஜனங்கள் அங்கே கொண்டுபோய்ச் சத்தியம் பண்ணித் தீர்த்துக்கொண்ட வழக்கம் உண்டு. அங்கே பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயத்தோடு வளர்ந்தவன் மேலூர்க்காரன். அந்தப் பேரை எடுத்துப் போனில் ஆடும் கேமில் அவன் கழுத்தில் கத்தியாக வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சாமியை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தாலும் அது தப்புதான். இந்த வகை ஆட்டத்துக்கெல்லாம் மூலம் மாஃபியா என்ற ஆட்டம். 1986-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கியது. 1997-இல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் அதையே ஓநாய்க் கதையாக மாற்றினார். 2018-இல் இன்னர்ஸ்லாத் என்ற சின்ன நிறுவனம் அதை விண்வெளிக் கப்பலுக்குள் கொண்டுவந்தது. மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். சில பேருக்கு எல்லாம் தெரியும், பல பேருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் கையில் பேச்சு மட்டும்தான் இருக்கும். பேசிப் பேசித்தான் பொய்யைப் பிடிக்க வேண்டும். நாம் சின்ன வயதில் சீட்டு எழுதிக் குலுக்கிப்போட்டு ஆடிய ராஜா ராணி திருடன் போலீஸும் இந்த ஜாதிதான். போலீஸ் சீட்டு எடுத்தவன் மற்றவர்கள் மூஞ்சியைப் பார்த்துத் திருடனைச் சொல்ல வேண்டும்.

கேமைச் செய்தவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். மெட்பே என்ற மருத்துவ அறையில் ஸ்கேன் எடுத்தால் பச்சை வெளிச்சம் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நிற்பவர் பார்க்கலாம். இம்போஸ்டரால் அதைச் செய்ய முடியாது. ஆக, ஸ்கேன் எடுத்ததைப் பார்த்துவிட்டால் அவர் நல்லவர் என்பது உறுதி, அதற்குமேல் அவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இந்த மாதிரி உறுதி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காகவே விஷுவல் டாஸ்க்கை, அதாவது இப்படி மற்றவர் கண்ணுக்குத் தெரியும் வேலைகளை, அணைத்து வைக்க செட்டிங் கொடுத்திருக்கிறார்கள். வெளியே தள்ளப்பட்டவர் இம்போஸ்டரா இல்லையா என்று காட்டாமல் மறைக்கவும் செட்டிங் உண்டு, யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை மறைக்கவும் உண்டு. நாங்கள் மூன்றையுமே மறைத்து வைத்துத்தான் ஆடுகிறோம். சத்தியமும் ஸ்கேன் மாதிரி ஓர் உறுதிதான். ஆனால் அதை அணைக்க எந்த செட்டிங்கும் கிடையாது, ஆடுகிற நாம்தான் அணைக்க வேண்டும்.

இதில் இருக்கும் அநியாயம் வேறு. நல்லவனாக இருக்கும் சுற்றில் எல்லோரும் சத்தியம் பண்ணிவிடுகிறார்கள். மேலூர்க்காரன் அதற்கப்புறம் எந்தச் சுற்றிலும் பண்ண மாட்டேன் என்று நின்றான். விளைவு, இம்போஸ்டராக இல்லாத சுற்றிலும் அவனையே வெளியே தள்ளினார்கள். செல்லூர்க்காரனோ எதன் மேல் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவான், பொய்யாகவும் பண்ணுவான். மனசாட்சிக்குப் பயப்படுகிறவன் தோற்கிறான், பயமில்லாதவன் ஜெயிக்கிறான். பொய் சொல்லத்தான் இந்த ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்டத்துக்குள் பொய் சொல்லும் திறமை வேறு, வெளியே இருப்பதைப் பணயம் வைக்கிற துணிச்சல் வேறு.

சத்தியம் கேட்கக் கூடாது, கேட்டால் அந்தச் சுற்றே செல்லாது என்று பேசி முடிவு செய்தோம். சாமி, அம்மா, பிள்ளைகள், படிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அது வேறு வேஷத்தில் வந்துகொண்டே இருக்கிறது. "எங்கிட்டயுமா பொய் சொல்ற?" என்பார்கள். "நம்ம பழக்கத்துக்கு மரியாதை இருந்தா உண்மையைச் சொல்லு" என்பார்கள். இதுவும் சத்தியம்தான், சாமி பேர் இல்லை, அவ்வளவே. இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பொய் பேசியவன் அடுத்த நாள் நேரில் பார்க்கும்போது ஒரு மாதிரி ஆகிவிடுகிறான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். சத்தியம் இல்லாமல் ஓடும் ராத்திரிகளில் இதைப்போல் ஓர் ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் குரூப் காலில் அதிகம் பேசவே மாட்டார். ஒரு தடவை எலக்ட்ரிக்கலில் பாடி கிடைத்தது. சென்னைக்காரன் ஒருவன், "நான் அங்க இருந்து எப்பவோ மெட்பே போயிட்டேன்" என்றான். தோழி அவசரப்படாமல் கேட்டார்: "எந்தப் பக்கமா போனீங்க? அப்பர் எஞ்சின்ல நான் நின்னேன். கேஃபிடீரியாவுல ஷார்ஜா நின்னாரு. மெட்பேக்கு நடந்து போக இந்த ரெண்டு பக்கத்தை விட்டா வழி கிடையாதே." அவனால் பதில் சொல்ல முடியவில்லை. எலக்ட்ரிக்கலில் இருக்கும் வென்ட்டுக்கும், அதாவது தரையில் உள்ள காற்றுத் துவாரத்துக்கும், மெட்பே வென்ட்டுக்கும் உள்ளுக்குள் வழி உண்டு, வென்ட்டில் இறங்க அந்தச் சுற்றில் இம்போஸ்டரால்தான் முடியும். ஒரு சத்தியம் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை, மேப் மட்டும்தான். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தும் அவருக்குள் இப்படி ஒரு மூளை இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இந்த கேம் வந்துதான் காட்டியது.

மற்ற விஷயங்கள் சின்னவை. பதினைந்து பேர் வரை ஆடலாம், எட்டு முதல் பத்துப் பேரும் இரண்டு இம்போஸ்டரும் இருந்தால் நன்றாக இருக்கும். அதற்குமேல் போனால் மீட்டிங் சந்தைக்கடை ஆகிவிடும். கேமுக்குள் தட்டச்சு சாட் இருக்கிறது, நாங்கள் பேசித்தான் ஆடுவோம், அதற்குத் தனியாக குரூப் கால். செத்தவர் மைக்கை அணைத்து வைக்க வேண்டும். கரண்ட் போய் வைஃபை விழுந்தால் அந்தச் சுற்றுக்குத் திரும்பி வர முடியாது. விழுந்தவர் ஒரே இம்போஸ்டராக இருந்தால் ஆட்டமே முடிந்துவிடும். அதனால் மொபைல் டேட்டாவில் ஆடுவது நல்லது. விவாத நேரத்தைத் தாராளமாக வையுங்கள், குறைத்தால் சத்தம் போடுகிறவன்தான் ஜெயிப்பான்.

போன சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். மேலூர்க்காரன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மனசு மாறட்டும் என்று நாங்கள்தான் அவனை வற்புறுத்தி ஆடக் கூப்பிட்டோம். மூன்றாவது சுற்றில் சந்தேகம் அவன் மேல் வந்தது. சென்னைக்காரன், "உங்கம்மா மேல சத்தியமா நீ இல்லையா?" என்று கேட்டுவிட்டான். யோசிக்காமல் வாயில் வந்த வார்த்தைதான், கெட்ட எண்ணம் இல்லை, எனக்கும் தெரியும். மேலூர்க்காரன் ஒன்றும் சொல்லாமல் குரூப் காலை விட்டுப் போய்விட்டான். கேட்டவன் மறுநாள் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டான், இவனும் "பரவால்ல மாப்ள" என்று சொல்லிவிட்டான். ஆனால் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் ஆபீஸ் செட்டுக்கு இது வேண்டாம். கூட வளர்ந்தவர்கள் நாங்களே வாயை அடக்க முடியாமல் தவிக்கிறோம். உங்கள் டீமில் போன மாதம் சேர்ந்த பையனும் இருப்பான், அவனுக்கு லீவு கொடுக்க வேண்டிய டீம் லீடரும் இருப்பார். "உன் வேலை மேல சத்தியமா சொல்லு" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டால் அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? கேமுக்கு மார்க் போடச் சொன்னால் முழு மார்க்கும் போடுவேன். இருந்தாலும் ஆபீஸ் செட்டுக்குள் இதைக் கொண்டுபோகாதே. உனக்கு ஆடியே ஆக வேண்டும் என்றால் இந்தச் சனிக்கிழமை ஒன்பதரைக்கு எங்கள் செட்டில் வந்து சேர்ந்துகொள், ரூம் கோடு அனுப்புகிறேன். மேலூர்க்காரன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.