நனைத்து அணியும் குளிர் மேலங்கி: களத்தில் நன்று, அவிக்கும் கொட்டகையில் வேண்டாம்

கிளிநொச்சியில் நாங்கள் நடத்தும் அரிசி ஆலையின் தொழிலாளர்களுக்காக, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அணியும் மேலங்கிகள் ஆறினை வாங்கி, கச்சான் காற்று வீசிய ஆடி மாதம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தோம். நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில், வறண்ட காற்று துணியின் ஈரத்தை உறிஞ்சும்போது உடற்சூட்டையும் சேர்த்து எடுத்துச் செல்வதால், நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "முதுகு குளிருது தம்பி" என்று வியந்து சொன்னார்.

நெல் அவிக்கும் கொட்டகையில் நிலைமை வேறு. நீராவி நிறைந்த அங்கே ஈரம் ஆவியாக வழியில்லாததால், மேலங்கி சுடுநீர்த் துணிபோல் உடலில் ஒட்டிக்கொண்டது. ஒருவருக்குத் தலைசுற்றி, கெண்டைக்காலில் குரக்குப் பிடித்தது. நிழலில் கிடத்தி, ஜீவனி எனும் உப்பு-சர்க்கரைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த பிறகே தேறினார். விற்ற கடையில் இந்த எச்சரிக்கையை எவரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். மேலங்கி அணிந்தவர்களும் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவரை முதல் நாளில் வேலை நேரத்தின் ஐந்திலொரு பங்குக்கு மேல் வெக்கையில் நிறுத்தக்கூடாது.

கழுத்துப்பட்டியின் தையல் மூன்றாம் வாரத்திலேயே பிரிந்துவிட்டது.