1,800, 3,000, 5,000 வெள்ளி: இடி விழும் ஊரில் கேமிங் கணினிக்கு எந்தப் பாகங்கள்?

பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு பேரங்காடி ஒன்றில் வேலை செய்து சேர்த்த 1,800 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) எடுத்துக்கொண்டு என் அக்கா மகன் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். "மாமா, இந்தக் காசுக்குள்ள ஒரு கேமிங் கம்ப்யூட்டர் செட் பண்ணிக் குடுங்க" என்றான். அதற்குச் சில வாரங்கள் முன்பு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் 3,000 வெள்ளியை மனத்தில் வைத்து யோசனை கேட்டிருந்தார். செம்பனை ஆலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் 5,000 வரை போகலாம் என்றார். மூவருக்கும் நான் எடுத்துச் சொன்னவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். திரையில் தெரியும் படங்களை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் ஆகியவற்றின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விலை சொல்லாமல் மொத்தத் தொகையை மட்டுமே அளவாகக் கொள்கிறேன். மானிட்டர் இந்தத் தொகைகளில் சேராது.

இத்தகைய ஒப்பீடுகளில் நொடிக்கு எத்தனை பிரேம் கிடைக்கிறது என்பதையே பெரும்பாலும் அளப்பார்கள். அந்த அளவு தேவைதான். ஆயினும் தோட்டப்புற ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு இணையான இன்னோர் அளவும் உண்டு: ஒரு பாகம் பழுதானால், அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, ஈப்போவில் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும் பொதுவான பாகத்தை அந்த இடத்தில் மாட்ட முடியுமா? ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலானால் இடியோடு மழை கொட்டும் ஊர் இது. பழைய தோட்ட வீடுகள் பலவற்றில் மின்கம்பிகளும் எர்த் இணைப்பும் பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் கிடக்கின்றன. இங்கே கணினி வாங்குகிறவர், அதில் ஏதேனும் ஒன்று ஒருநாள் கருகும் என்பதைக் கணக்கில் வைத்தே வாங்க வேண்டும்.

முதலில் 1,800 வெள்ளி. இந்தத் தொகைக்கு எதிரும் புதிருமாக நிற்பவை இரண்டு வழிகள். ஒன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினியை வாங்கி, அதில் புதிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகுவது. 2018இல் வந்த ஐ5-8500 பிராசசர் கொண்ட கணினியும், 6 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050 கார்டும் இதற்குப் பொருத்தமான இணை. அந்தக் கார்டு 70 வாட் மட்டுமே எடுப்பதால் தனி மின்கம்பி கேட்பதில்லை. மதர்போர்டின் செருகியிலிருந்தே மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும். மற்றொன்று, ரைசன் 5 5600ஜி பிராசசரைப் புதிதாக வாங்கி, அதற்குள்ளேயே இருக்கும் வேகா கிராஃபிக்ஸை வைத்து இப்போதைக்குச் சமாளித்து, தனிக் கார்டைப் பிறகு வாங்குவது.

வேகத்தை மட்டும் பார்த்தால் பழைய அலுவலகக் கணினியே வெல்லும். இதில் ஐயமே இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050க்குப் பக்கத்தில்கூட வேகா நிற்காது. வேலரண்ட், டோட்டா 2 போன்றவற்றை 5600ஜி தாராளமாக ஓட்டும். அண்மையில் வந்த கனமான விளையாட்டுகளில் திணறிப்போகும். போதாததற்கு, வேகா வரிசையை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கான மேம்பாடுகளை, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2023 முதல் குறைத்துக்கொண்டுவிட்டது.

இருந்தும் அக்கா மகனுக்கு நான் இரண்டாவது வழியையே சொன்னேன். அலுவலகக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் அதன் இணைப்பு முனைகளும் அந்தந்த நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்டவை, மதர்போர்டும் அப்படியே. இடி விழுந்து பவர் சப்ளை போய்விட்டால் கடையில் அடுக்கியிருக்கும் எதுவும் அதில் பொருந்தாது. அதே மாடலின் பழைய பாகத்தை இணையத்தில் தேடிப்பிடித்து, அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். 5600ஜி உட்காரும், ஏஎம்4 வகைச் செருகி கொண்ட மதர்போர்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எது போனாலும் அது ஒன்றை மட்டும் மாற்றலாம்.

அலுவலகக் கணினியைத்தான் வாங்குவேன் என்பவர்கள் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பிராசசர் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதாக இருந்தால் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வத் தகுதி கிடையாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும். இன்னொன்று கேசிங்கின் அகலம்: ஒல்லியான கேசிங் என்றால் முழு உயரக் கார்டு உள்ளே நுழையாது.

5600ஜியை வாங்குகிறவர்கள் ரேம் விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். தனிக் கார்டு இல்லாதபோது கிராஃபிக்ஸ் பகுதியும் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே 16 ஜிபி ஒற்றைத் துண்டைவிட 8 ஜிபித் துண்டுகள் இரண்டைப் போட்டால் விளையாட்டின் வேகம் கண்கூடாகக் கூடும். நான்கு செருகிகள் உள்ள மதர்போர்டாக இருந்தால், பிராசசரின் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும் என்றே பெரும்பாலான கையேடுகள் சொல்லும். அக்கா மகனை அவன் கையாலேயே மாட்டச் சொன்னேன். துண்டை நேராக வைத்து இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்தினான். ஒரு பக்கம் மட்டும் 'டக்' என்றது. மறுபக்கத்துக் கொக்கி முழுதாக மூடாமல் ஒரு நூல் அளவு விலகி நின்றது. கணினி திரையே காட்டவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் பலருடைய சிக்கல் அந்த நூல் அளவுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் இரண்டாவது 'டக்' கேட்டது.

இனி பவர் சப்ளை. மூன்று பட்ஜெட்டுக்கும் பொதுவானது இது. என் மனத்தை அதிகம் உறுத்துவதும் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கடையில் கேசிங்கோடு சேர்த்துக் கொடுத்த '500 வாட்' பவர் சப்ளையை நம்பி வாங்கினேன். ஒரு நவம்பர் மாலை இடித்தபோது அது மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளை நிதானமாகப் படித்தேன். பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் உணவு போடுவது 12 வோல்ட் பாதை. அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட 500 எங்கே, இந்த 216 எங்கே? பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு விசை வேறு இருந்தது. நம் நாட்டு மின்சாரத்தில் அதைத் தெரியாமல் 115க்குத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் அடுத்த நொடியே வெடிக்கும். நல்ல பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்றுக்கொள்வதால் அந்த விசை அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை.

'80 பிளஸ்' முத்திரையைப் பாதுகாப்புச் சான்று என்று எண்ணிவிடக் கூடாது. எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான காப்புகள் இருக்கின்றனவா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டினாலும் வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அதனால் பெரிய பயன் இருக்காது. இடி மோடெம் கம்பி வழியாகவும் வரும் என்பதால், மழை கறுக்கும்போது மூன்று பின் பிளக்கோடு லேன் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

3,000 வெள்ளிக்கு வந்தால் போட்டி உண்மையிலேயே கடுமையாகிறது. பிராசசரில் ரைசன் 5 5600க்கும் ஐ5-12400எஃபுக்கும் இடையே தேர்வு. இரண்டிலும் ஆறு கோர், அதாவது கணக்கிடும் அலகுகள். இரண்டும் 2022இல் விற்பனைக்கு வந்தவை. விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமம். இரண்டிலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது; கார்டு பழுதானால் திரையும் இருண்டுவிடும். 5600ஜியோடு ஒப்பிட்டால் 5600இல் மூன்றாம் நிலை கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16க்குப் பதிலாக 32 எம்பி. கார்டோடு பேசும் பாதையும் பிசிஐஇ 3.0க்குப் பதிலாக 4.0. தனிக் கார்டு வாங்கப் பணம் இருக்கிறவர்கள் 'ஜி' இல்லாத 5600ஐ எடுப்பதே முறை. இன்டெல் பக்கம் போனால் அதே செருகியில் பிற்பாடு 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களைப் போடலாம் என்பது கவர்ச்சியான வாய்ப்பு. ஆனால் அந்தத் தலைமுறைகளின் மேல்வரிசைப் பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு வெளிப்பட்டு, 2024இல் இன்டெல் பிராசசரின் உள்நிரலான மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அவற்றைப் பழையதாக வாங்குகிறவருக்கு, அது முன்பு எப்படி ஓடியது என்று தெரிய வழியில்லை. ஏஎம்4இன் பக்கமும் குறை இல்லாமல் இல்லை: கேஷ் மிகுந்த 5700எக்ஸ்3டி போன்ற பிராசசர்கள் கிடைப்பது அரிதாகிவருகிறது. கடையில் எதன் மதர்போர்டு மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள் என்றுதான் ஆசிரியரிடம் சொன்னேன். அவருக்கு பி550 மதர்போர்டும் 5600உம் அமைந்தன.

கார்டில்தான் நிறைய யோசித்தோம். மூன்று கார்டுகள் போட்டியில் இருந்தன. ஆர்எக்ஸ் 6600 மூன்றிலும் மலிவானது. 8 ஜிபி, 132 வாட். 1080பி திரை அளவில் பெரும்பாலான விளையாட்டுகளை மனநிறைவாக ஓட்டும். ஒளியையும் நிழலையும் உண்மைபோல் வரையும் ரே டிரேசிங் அதற்கு ஒத்துவராது. ஆர்டிஎக்ஸ் 4060க்கும் 8 ஜிபிதான். ஆனால் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வேகம் கூடுதல், எடுப்பதோ 115 வாட் மட்டுமே, சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. மூன்றாவது இன்டெலின் ஆர்க் பி580: 12 ஜிபி, 190 வாட். தாளில் பார்த்தால் இதுதான் அள்ளிக்கொடுக்கிறது. 8 ஜிபி போதாமல் சில புதிய விளையாட்டுகள் தடுமாறும் இந்தக் காலத்தில் அந்தக் கூடுதல் 4 ஜிபி கண்ணை இழுக்கும். ஆனால் 2025இன் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில், புதிய விலையுயர்ந்த பிராசசரோடு வேகமாக ஓடும் இந்தக் கார்டு ரைசன் 5 5600 போன்ற நடுத்தரப் பிராசசரோடு சேரும்போது சில விளையாட்டுகளில் வேகத்தைக் கணிசமாக இழப்பது தெரியவந்தது. டிரைவர் மேம்பாடுகள் வந்தபடி இருந்தாலும், 3,000 வெள்ளிக்காரர் வாங்கக்கூடிய பிராசசரோடுதான் இது இணங்காமல் போகிறது என்பதை மறக்க முடியவில்லை. ஆசிரியர் பாடத்துக்காக வீடியோ வெட்டி ஒட்டுபவரும்கூட. எனவே ஆர்டிஎக்ஸ் 4060ஐத் தேர்ந்தோம். விளையாட்டு மட்டும் போதும் என்பவருக்கு ஆர்எக்ஸ் 6600ஐயும், மிச்சமாகும் பணத்தில் விளையாட்டுகளைச் சேமிக்க 1 டிபி எஸ்எஸ்டியையும் சொல்லியிருப்பேன். பைபர் வராமல் கைப்பேசித் தரவை நம்பியிருக்கும் வீட்டில் 100 ஜிபி தாண்டும் விளையாட்டை அழித்து மீண்டும் இறக்குவது பெரும்பாடு.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு 4 பிசிஐஇ பாதைகள் மட்டுமே, 5600ஜியின் 3.0 வேகத்தில் அந்த நான்கும் மூச்சுத் திணறும். வேண்டாம். கார்டுகளைக் கொண்டு எதீரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டுவது 2022 செப்டம்பரில் நின்றபின் சந்தைக்கு வந்த பழைய கார்டுகளையும், விற்பவர் கண்முன்னே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினால் ஒழிய நான் தொடமாட்டேன்.

5,000 வெள்ளியில் குழப்பம் குறைவு. ரைசன் 5 7600உம் ஏஎம்5 மதர்போர்டும் எடுக்கலாம். 2027 வரையிலும் அதற்குப் பின்னும் இந்தச் செருகிக்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பிற்பாடு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 7600க்குள் சிறிய கிராஃபிக்ஸ் பகுதியும் இருக்கிறது; விளையாட உதவாது என்றாலும், கார்டு கருகிய நாளில் திரையைக் காட்ட அது போதும். கார்டில் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்கும் 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐக்கும் போட்டி. இரண்டுமே அதே பெயரில் 8 ஜிபியாகவும் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் எண்ணைப் பார்க்காமல் பணத்தை நீட்டக் கூடாது. ரே டிரேசிங்கிலும் டிஎல்எஸ்எஸ்ஸிலும் நாட்டம் உள்ளவர் இரண்டாவதை எடுக்கலாம். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலாவதே போதும் என்பது என் கருத்து. நண்பருக்கு அதையே சொன்னேன், 650 வாட் பவர் சப்ளையோடு. அவரைத் தயங்கவைத்தது ரேம்தான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதால், 32 ஜிபி டிடிஆர்5 வாங்க நினைத்தவர் 16 ஜிபியோடு நிறுத்திக்கொண்டார்.

மானிட்டர் பற்றி ஒன்று மட்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. அதை வைத்துக்கொண்டு 4060க்குச் செலவழிப்பவர் அதன் பலனில் பாதியைக் கண்ணால் காணமாட்டார்.

அக்கா மகனின் கணினியில் இப்போது 5600ஜி, பி550 மதர்போர்டு, 8 ஜிபித் துண்டுகள் இரண்டு, 550 வாட் பவர் சப்ளை ஆகியவை ஓடுகின்றன. கார்டுக்கான நீண்ட செருகி காலியாக இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600க்காக மாதாமாதம் சேர்த்துவருகிறான். அந்தக் கார்டை மாட்டும் நாளில் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டின் பின்புறத்தில் செருக வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, கேசிங் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.