குற்றாலம் பூங்காவுக்குக் கேரவன் வண்டியில் செல்ல முன்பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

சாரல் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்குக் கேரவன் வண்டியில் குடும்பத்தோடு போகத் திட்டமிடுகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்தருவி அருகே தோட்டக்கலைத் துறை நடத்தும் சுற்றுச்சூழல் பூங்காவின் பெயரைச் சொல்லி, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடைத்தரகர் ஒருவர் எங்களிடம் பணம் பறித்தார்.

படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ள வண்டியை ஓட்டுநரோடு தருவார்கள் என்றும், இரவில் பூங்கா வளாகத்துக்குள்ளேயே நிறுத்தி மின்இணைப்பு வாங்கிக்கொண்டால், விடிந்ததும் கூட்டம் சேர்வதற்கு முன் பூச்செடிகளை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்றும் அவர் உறுதி சொன்னார். முழங்கால் வலியால் நெடுநேரம் உட்கார்ந்து வர முடியாத என் தாயாருக்குப் படுத்தபடி போய் வருவது ஏற்றதாக இருக்கும் என்றுதான் நாங்கள் சம்மதித்தோம். வாடகை போக, இரவுத் தங்கல் அனுமதிக்கென்று தனியாக 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அதற்கு ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பிய ரசீது இப்போதும் என்னிடம் இருக்கிறது. மேலே தமிழக அரசின் கோபுரச் சின்னம் மங்கலாக அச்சாகியிருக்கிறது. வரிசை எண் இல்லை, எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை மட்டும் எழுத்துத் தெரியாமல் தீற்றலாக விழுந்திருக்கிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் பொழுது சாயும் நேரத்தில் பூங்கா வாயிலுக்குப் போய் இதைக் காட்டியபோது, அங்கிருந்த காவலர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத ஆரு குடுத்தா அண்ணாச்சி? ராத்திரி உள்ள ஒரு வண்டியும் நிக்க முடியாது, கேட்டப் பூட்டிருவோம்லா” என்றார். எங்களைப் போலவே சீட்டோடு வந்து திரும்பியவர்கள் உண்டு என்று அவர் சொன்னபோதுதான், இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த ஏமாற்று அல்ல என்பது விளங்கியது.

பிறகு ஓட்டுநர் வண்டியை ஒரு தனியார் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே இன்னொருவர் வந்து, இடத்துக்கும் ஒரு பிளக்குக்குமாக மேலும் 800 ரூபாய் கேட்டார். கொடுத்தோம், ஆனால் நள்ளிரவில் அந்த மின்சாரமும் நின்றது, வண்டியின் பேட்டரி அரை மணி நேரம்கூட மின்விசிறியைத் தாங்கவில்லை. முன்பு வந்தவர்களின் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யாமலே எங்களுக்கு வண்டியைத் தந்திருந்ததால் எழுந்த நாற்றத்தில் அம்மாவால் மூச்சுவிட முடியவில்லை. அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்து, வயதானவரைக் கைத்தாங்கலாக இறக்கி, தென்காசியில் விடுதி தேடி அலைந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் வாயிலில் உரிய கட்டணம் செலுத்திப் பூங்காவைப் பார்த்தோம். அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் விளம்பரத்தில் பூங்காவின் படமென்று போட்டிருந்த, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த சூரியகாந்திப் பூக்கள் அங்கே கிடையாது. அவை சுந்தரபாண்டியபுரம், சுரண்டைப் பக்கத்து விவசாயிகளின் சொந்த வயல்கள். விதைக்காகப் பயிரிடுகிறார்கள், பூத்து நிற்பதும் சில வாரங்கள்தான். படம் பிடிக்கும் ஆசையில் அந்த வயலுக்குள் இறங்கி மிதிக்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

காலை வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வண்டியின் எண் பலகையில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கர் சாரலில் நனைந்து ஓரம் பெயர்ந்து, அடியில் வெள்ளைப் பலகை எட்டிப் பார்த்தது. இப்படிப்பட்ட வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு விட வேண்டுமானால், அது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள டி-போர்டு, அதாவது வாடகை வண்டியாகப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை உள்ள ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கென்று பதிந்த வண்டியை, வாடகைக்கு எடுத்து வழியில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. ஆகவே முன்பணம் கேட்கும்போதே பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, எம்பரிவாகன் செயலியில் வண்டியின் வகை, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றையும் பார்த்துவிடுங்கள். பதிவெண் தரத் தயங்குகிறவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்வதே நல்லது. பூங்கா அனுமதி என்று யார் பணம் கேட்டாலும், பூங்கா அலுவலகத்தில் விசாரிக்காமல் கொடுக்க வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த இடைத்தரகர் முதலில் நாளை, நாளை என்றார். பின்னர் எங்கள் எண்ணையே முடக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. திருநெல்வேலி ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அரசுச் சின்னத்தோடு போலி ரசீது அடித்திருப்பதால் காவல் நிலையத்திலும் தனியே எழுதிக் கொடுக்க இருக்கிறோம். ஊதா முத்திரை உள்ள இதே ரசீது வேறு யாரிடமேனும் இருந்தால், அதைக் கிழித்துப் போடாமல், பணம் அனுப்பிய வங்கிக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, நீங்களும் புகார் கொடுங்கள்.