சொந்தக் காரை விற்ற பின்: கிருஷ்ணகிரியில் ஒரு டிராவல்ஸை நம்பி 14 மாதங்கள்

பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டு வாசலில் நின்ற சிறிய காரை விற்று 14 மாதங்கள் ஆகின்றன. விற்றதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன், மகன் வெளிநாட்டில் இருக்கிறான், இரவில் எதிர்வரும் வண்டியின் வெளிச்சம் என் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அன்று முதல் வெளியூர்ப் பயணம் என்றால் ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸில்தான் வண்டி எடுக்கிறோம். குறைகளும் சொல்லப்போவதால் அதன் பெயர் இங்கே வேண்டாம். மேலும், இந்த ஊரில் எந்த டிராவல்ஸில் வண்டி எடுத்தாலும் கணக்குப் போடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுப்பார்கள். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து இங்கு வந்த குறுகிய பாதை ரயில், விடுதலைக்கு முன்பே நின்றுபோனது. ரயில் ஏற வேண்டுமானால் இன்றைக்கும் குப்பத்துக்கோ, திருப்பத்தூருக்கோ, ஓசூருக்கோ, தருமபுரிக்கோ போக வேண்டும். ஆனால் சாலை விஷயத்தில் இந்த ஊருக்குக் குறைவில்லை. சென்னைச் சாலையும், பெங்களூரு–சேலம் சாலையும், திருவண்ணாமலைச் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. ஆகவே பகல் நேரத்தில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் தருமபுரிக்கும் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்குள் நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், எங்கள் வீட்டில் டிக்கெட் எடுப்பவன் நான் ஒருவன்தான். என் மனைவி அதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டத் தவறுவதில்லை. ஆக, கார் தேவைப்படுவது அன்றாட வேலைக்கு அல்ல. எண்பது வயதைத் தாண்டிய என் தாயாரைப் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மகன் வரும்போதும் போகும்போதும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் செல்லவும், சில திருமணங்களுக்கும்தான்.

முதல் பில்லைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஜெயதேவாவுக்குப் போய்த் திரும்பிய தூரம் 180 கிலோமீட்டர்; பில்லில் இருந்தது 250. வெளியூர்ப் பயணம் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாக உள்ள வழக்கம் என்று உரிமையாளர் பொறுமையாகவே விளக்கினார். வண்டியும் டிரைவரும் அன்று முழுக்க உங்களுக்காகவே நிற்கும்போது வேறு சவாரிக்குப் போக முடியாது என்பது அவர் தரப்பு நியாயம், மறுக்க முடியவில்லை. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வீதம், ஓடாத 70 கிலோமீட்டருக்கு நாங்கள் கொடுத்தது 980 ரூபாய். இப்போது அந்த 70 கிலோமீட்டரை வீணாக்குவதில்லை. திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கி, உள்ளே வெகுதூரம் தள்ளியிருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம். சொந்தக் கார் இருந்த காலத்தில் பெட்ரோலை நினைத்து இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்ட பயணம் அது.

கிலோமீட்டர் தவிர டிரைவர் பேட்டா, அதாவது அவருடைய படி, நாளொன்றுக்கு 400 ரூபாய். காலை 6 மணிக்கு முன் கிளம்பினாலோ, இரவு 10 மணிக்கு மேல் திரும்பினாலோ இரவு பேட்டா தனி. டோல், பார்க்கிங் நம் பொறுப்பு. டோல் விஷயத்தில் சொந்தக் காருக்கு இப்போது ஓர் அனுகூலம் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கும் ஆண்டு பாஸ் வந்தது; அது சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான், வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்குக் கிடையாது. கிருஷ்ணகிரி டோல்கேட்டை அடிக்கடி கடப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விமான நிலையத்துக்கு விட்டுவிட்டு மட்டும் வரச் சொன்னாலும் போக வர இரண்டு பக்கத்துக்கும் கிலோமீட்டர் உண்டு. 'டிராப்' என்ற சொல்லை நம்பி பாதிப் பணத்தோடு இருந்துவிடக் கூடாது.

கர்நாடகத்துக்குப் போகும் வண்டிக்கு ஆல் இந்தியா பர்மிட் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. இல்லாத வண்டி என்றால் அந்த மாநில வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். அது சுற்றி வளைத்து நம் பில்லில் வந்து நிற்கும். இதைவிட முக்கியமானது, வந்து நிற்கும் வண்டி மஞ்சள் போர்டுதானா என்று பார்ப்பது. முகூர்த்த நாட்களில் மஞ்சள் போர்டு வண்டி கிடைக்காதபோது, தெரிந்தவருடைய ஒயிட் போர்டு காரை, அதாவது சொந்த உபயோகக் காரை, அனுப்பிவைக்கும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் குறையும் என்பது உண்மை. ஆனால் பர்மிட் இல்லாத வண்டியில் வாடகைக்குப் போய் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கிப் பார்த்தவர்கள் அந்த இரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைக்க மாட்டார்கள். ஒருமுறை எனக்கும் ஒயிட் போர்டு வண்டி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டு, சேலம் திருமணத்துக்குப் பேருந்தில் போய்த் தாலி கட்டிய பிறகு சேர்ந்தோம்.

எனக்கு நேர்ந்த உண்மையான தகராறு 'ஷெட் டு ஷெட்' கணக்கில்தான். மீட்டர் நம் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை; வண்டி நிற்கும் இடத்தில் தொடங்கி, திரும்ப அங்கே போய்ச் சேர்வது வரை ஓடும். ஒரு நாள் டிரைவர் காரின் பானெட்மீது டிரிப் ஷீட்டை வைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஸ்டார்ட்டிங் கிலோமீட்டரையும் குளோசிங் கிலோமீட்டரையும் எழுதிக் கழித்துக்கொண்டிருந்தார். நான் காலையில் ஏறும்போது மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். என் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் போக வர 24 கிலோமீட்டர் இடித்தது. விசாரித்தால், அன்று ஸ்டாண்டில் வண்டி இல்லாததால் காவேரிப்பட்டணத்திலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் வண்டி நிற்பதற்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டதற்கு டிரைவர், "நான் கூலிக்கு ஓட்டறவன் சார், நீங்க ஓனர்கிட்டயே பேசிக்குங்க" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பின் பாதியைக் கழித்தார்கள். 168 ரூபாய்தான், என்றாலும் அன்று முதல், வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது என் முதல் கேள்வியாகிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் அதே இடத்தில்தான் வண்டி எடுக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் டிரைவர்கள். வழக்கமாக வரும் தம்பிக்கு முப்பது வயதிருக்கும். வெளிநோயாளிப் பிரிவில் நான் வரிசையில் நிற்கும்போது, "அம்மாவை நான் பார்த்துக்கறேன், நீங்க போய் டோக்கன் போடுங்க சார்" என்று சொல்லிச் சக்கர நாற்காலியைத் தேடிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார். நான் ஓட்டிப் போன நாட்களில் தாயாரை வாசலில் தனியாக இறக்கிவிட்டு, பன்னர்கட்டா சாலைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிய அவதி இன்னும் மறக்கவில்லை. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்பதில் அந்தச் சக்கர நாற்காலியும் அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சேவை அடியோடு கைவிட்டதும் ஒருமுறை நடந்தது. மார்கழியில் ஓர் இரவு இரண்டு மணிக்குத் தாயாருக்கு மூச்சுத் திணறல். டிராவல்ஸ் எண்ணில் நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பயனில்லை, பாதி வண்டிகள் சபரிமலைக்குப் போயிருந்தன என்று மறுநாள் தெரிந்தது. 108 வந்துதான் போலுப்பள்ளியில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் கழிந்த அந்த நிமிடங்களில், கார் நின்றிருந்த காலி இடத்தை என் மனைவி ஒருமுறை பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. இந்தக் குறைக்கு டிராவல்ஸை மட்டும் நோவது சரியல்ல. 24 மணி நேரமும் என்று பலகையில் எழுதியிருக்க வேண்டாம் என்பதுதான் என் வருத்தம். இப்போது பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஓர் ஆட்டோக்காரரின் எண்ணையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கார் இருந்த கடைசி ஆண்டில் ஓடியது 4,100 கிலோமீட்டர். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், இரண்டு டயர், ஒரு பேட்டரி எல்லாம் சேர்த்து 61,600 ரூபாய். விற்ற பிறகு முதல் 12 மாதங்களில் வண்டி எடுத்ததற்கு 39,400 சொச்சம், ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் 6,400. பதினைந்தாயிரம் மிச்சம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு பகுதி, போகாமலே விட்ட இடங்களால் வந்த மிச்சம். கே.ஆர்.பி. அணைக்கு மாலையில் சும்மா போய் மீன் வறுவல் தின்று வருவது நின்றுவிட்டது. அதற்காக உள்ளூர் வாடகையாக 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று 2,200 ரூபாய் கொடுத்து வண்டி எடுக்க யாருக்கு மனம் வரும்?

ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் போய் வருபவர்களுக்கும், கடைசிப் பேருந்து ஏழு மணிக்கே போய்விடும் கிராமங்களில் இருப்பவர்களுக்கும், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டியவர்கள் உள்ள வீட்டுக்கும் இந்த ஏற்பாடு ஒத்துவராது. எங்களைப் போல எப்போதாவது தூரப் பயணம் போகும் வீட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தை மாதம் வேலூரில் ஒரு திருமணம் இருக்கிறது. வண்டிக்கு இப்போதே 500 ரூபாய் முன்பணம் கொடுத்து, மஞ்சள் போர்டு என்றும், கிருஷ்ணகிரி ஷெட் என்றும் ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.